தேவசேனா படிக்காத படிப்பு

தேவசேனாவின் பொய் ஒரே ஒரு வார்த்தையில் தொடங்கியது.

நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டும் ஜெகநாதனுக்கு அவள் ஒரே மகள். பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர் முடித்ததும் அவளை டாக்டராக்கியே தீருவது என்று திருப்பதியில் லாங்டெர்ம் கோச்சிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நுழைவுத் தேர்வு முதல் தடவை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது ரிசல்ட் வந்த அன்று விடுதி மொட்டை மாடியில் நின்று, செல்போனில் தெரிந்த மதிப்பெண்ணையே அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"வந்துடுச்சாம்மா?"

ரிசல்ட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "வந்துடுச்சு நைனா" என்றாள்.

அந்தப் பக்கம் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு அப்பா அழுவது கேட்டது. "எம் பொண்ணுக்கு சீட்டு வந்துடுச்சுடா" என்று யாரிடமோ சொன்னார். அப்பா அழுது அவள் கேட்டதே இல்லை. சீட்டு இல்லை என்பதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். விடிவதற்குள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். விடுதியிலிருந்து தினமும் காலையில் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் கூடத்தில், சீட்டு வாங்கக் காத்திருப்பவர்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஸ்கேன் எடுக்கும் இடம் எங்கே என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வாள். ஐந்து மணிக்கு விடுதிக்குத் திரும்புவாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சொந்தக்காரர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு வாசலில் நிற்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா துர்காதேவி போன் செய்தாள். விஜயபுரத்தில் வேர்க்கடலை போட்டிருந்த அவளுடைய தம்பி வேதாச்சலத்துக்கு உடம்பு சரியில்லை.

"மாமாவுக்கு மாரெல்லாம் கரிக்குதாம்டி. இடது கை வேற மரத்துக்கினே போவுதாம். திருப்பதிக்கு உங்க ஆஸ்பத்திரிக்கே இட்டுக்கினு வந்துடட்டான்னு அத்தை கேக்குது."

"கேஸா இருக்கும்மா. மாத்திரை போட்டுக்கினு படுக்கச் சொல்லு. காலையில பாத்துக்கலாம்."

காலையில் காரில் கொண்டுவரும்போது புத்தூர் தாண்டுவதற்குள் வேதாச்சலம் இறந்துபோனார். நாற்பத்தாறு வயது.

பதினோராம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் இருக்கும்போது, தான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை என்று தேவசேனா சொல்லிவிட்டாள். ஜெகநாதன் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினார். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். இரண்டு மாதத்தில் தாவணி போட்ட வயசில் இருந்ததைப்போல இளைத்துப்போனாள். ஒரு மத்தியானம் மகள் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்க மறுத்தபோது, துர்காதேவி தறி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கதவையே கழற்ற வைத்தாள். மறுநாள் திருச்சானூர் கோயிலுக்கு என்று கணவனிடம் சொல்லிவிட்டு, மகளைப் பஸ் ஏற்றினாள்.

சபீனாவின் அறை திருப்பதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மனநல ஆலோசகர். இருபது வயதைச் சுற்றியுள்ளவர்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். தேர்வில் போனவர்கள், வேலை போனவர்கள், கல்யாணம் முறிந்தவர்கள். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். முதல் நாளே நேராகக் கேட்டார்.

"செத்துப்போகணும்னு தோணுதாம்மா?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. தேவசேனா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சபீனா பதறவில்லை. எப்போதெல்லாம் தோன்றுகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு துர்காதேவியை உள்ளே அழைத்து, மகளைத் தனியே விடக்கூடாது என்றார். ஒரு மனநல டாக்டரிடமும் அனுப்பினார்.

துர்காதேவி வீட்டில் மகளின் பக்கத்திலேயே பாய் போட்டாள். செத்தது அவளுடைய தம்பி. சில நாள் மகளுக்குத் தலை வாரிவிடும்போதே சீப்பைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மிச்சத்தை வாருவாள்.

ஐந்தாவது முறை போனபோதுதான் தேவசேனா மற்றதைச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் மேடம். அதே புக்கை மூணு வருஷம் படிச்சேன். கை மரத்துப்போச்சுன்னா ஹார்ட்டுன்னு தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்தா நான் மாட்டிக்குவேன்னுதான் கேஸுன்னு சொன்னேன்."

சபீனா எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார்.

"அன்னிக்கே வந்திருந்தா பிழைச்சிருப்பாரா, எனக்குத் தெரியாது. உன் தப்பில்லன்னு நான் சொன்னா, அது பொய். நீ நம்பவும் மாட்டே. இதை வச்சிக்கிட்டு எப்படி இருக்கறதுன்னுதான் நாம பார்க்கணும்."

அத்தையிடம் சொல்லவேண்டுமா என்று கேட்டாள். "உன் பாரம் குறையணும்னு மட்டும் போறதா இருந்தா போகாதே" என்றார் சபீனா. அதைப் பற்றியே நாலு மாதம் பேசினார்கள். புருஷனுக்குச் சாதாரண வாயுத் தொந்தரவு என்று தானே அலட்சியமாக இருந்துவிட்டதாக அத்தை கிருஷ்ணம்மா ஊரெல்லாம் சொல்லி அழுவதாக அம்மா சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் தேவசேனா விஜயபுரம் போனாள்.

கிருஷ்ணம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கை மட்டும் நிற்கவில்லை.

"கேஸுன்னு நீ சொன்னதும் அவரு நிம்மதியாப் படுத்தாரு. டாக்டர் பொண்ணே சொல்லிச்சேன்னு நானும் தூங்கிட்டேன். மொனகுனாரா, தண்ணி கேட்டாரா, ஒண்ணும் தெரியாது எனக்கு."

"அத்தை..."

"சொல்லிட்டல்ல. போ. இனிமே இந்த வூட்டுக்கு வராத."

கிருஷ்ணம்மா அதற்குப் பிறகு தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு அழுவதில்லை. தேவசேனாவைச் சபிக்கிறாள். நாத்தனார் துர்காதேவியோடும் பேச்சை விட்டுவிட்டாள்.

இப்போது தேவசேனாவுக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அப்பா அவளிடம் சொல்லவேண்டியதை அம்மாவிடம் சொல்கிறார். "அது சாப்ட்டுச்சா?" என்று கேட்பார், அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும். இரண்டாம் சனிக்கிழமைகளில் திருப்பதி போகிறாள்.

போன தடவை சபீனாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம பூரா மாமா நெனப்பே வரல மேடம். திங்கக்கெழம எழுந்ததும் பயந்துட்டேன். தப்பா?"

"தப்பில்ல. அது திரும்ப வரும், அப்புறம் போகும்."

அந்த வாரமே வந்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு முன்னால் நின்றபடியே அழுதாள். பக்கத்தில் நின்ற பெண் அவளுடைய பங்கையும் சேர்த்து எடுத்து வைத்தாள். ஷிப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.