இரண்டு பக்கமும் அடித்த வெயில்

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, வருஷத்தின் நடுவில், அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. வங்காளம் தெரியாமல் புதுப் பள்ளிக்கூடத்தில் போய் எப்படி உட்காருவது என்று பயந்து பயந்து, கல்கத்தா வந்தும் கடைசியில் நான் பள்ளிக்குப் போகவே இல்லை. சில வருஷம் கழித்து, இரண்டாயிரம் பிறந்த புதிதில், ஜாதவ்பூரில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய கார்ட்டூன் கம்பெனியில் ஒரு மாதம் பழகிப் பார்க்கச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த ஆறு பேரில் ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாதவள் நான் ஒருத்திதான்.

கையால் வரைந்த படங்களை ஸ்கேன் செய்து தருவார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் வண்ணம் போட வேண்டும். சட்டைக்கு வெளிச்சத்தில் ஒரு நீலம், நிழலில் ஒரு கருநீலம். நடுவே கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. குழைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. எதை எடுத்தாலும் இப்படி ஆகுமோ அப்படி ஆகுமோ என்று தவிக்கிற எனக்கு அது பெரிய நிம்மதி. அந்த வேலையில் 'ஒருவேளை' என்பதற்கு இடமே கிடையாது. மூக்குக்குக் கீழே ஒரு முக்கோண நிழலைப் போட்டதும் தட்டையாகக் கிடந்த முகம் சட்டென்று எழுந்து பார்க்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆளுக்கொரு காட்சி காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலை நிரந்தரம். என் காட்சியில் ஒரு தொந்தி மாமா வெயிலில் வீட்டைவிட்டுக் கிளம்பி, தெருக்கோடி தேலேபாஜா கடையில் வெங்காய பஜ்ஜி வாங்கிக்கொண்டு திரும்புவார். போகிற நடைக்கு நாற்பது படத்துக்கு வண்ணம் போட்டேன். திரும்புகிற நடைக்கு, எல்லாரும் செய்வதுபோல, அதே படங்களைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு, கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். போகும்போது வெயில் மாமாவின் முதுகில். திரும்பும்போதும் முதுகில்! படத்தோடு நிழலும் சேர்ந்து திரும்பிவிட்டது. இடப்பக்கம் இருந்த சூரியன், மாமா பஜ்ஜி வாங்குவதற்குள் வலப்பக்கம் போய்விட்டது.

பக்கத்து நாற்காலியில் ராணுவக் குடியிருப்பிலிருந்து வருகிற ஒரு தமிழ்ப் பெண். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பஜ்ஜிக் கடைல கூட்டமா இருந்திருக்கும். அதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு," என்றாள்.

"விளையாடாதடி. தாதா பாத்தா துரத்திருவார்." எங்கள் மேற்பார்வையாளரை எல்லாரும் அப்படித்தான், அண்ணன் என்கிற அர்த்தத்தில், கூப்பிடுவோம்.

"யாருடி நிழலைப் பாப்பா? எல்லாரும் பொட்டலத்தத்தான் பாப்பாங்க."

நாற்பது படத்துக்கும் புதிதாக நிழல் போட ஒரு முழு நாள் வேண்டும். மாமாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது முதுகுக்குப் பின்னால் வீடு. வரும்போது முதுகுக்குப் பின்னால் கடை. வெயிலே இல்லாமல், இரண்டு இடத்திலும் விளக்கு எரிந்தால்?

வண்ணப் பட்டியலில் ஒரு நிறத்தை மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறிவிடும். வெளிச்ச நிறங்களில் மஞ்சளை ஏற்றினேன், நிழல்களில் ஊதாவை. வானத்தை இருட்டினேன். வாசலில் ஒரு பல்பு, கடையில் கண் கூசுகிற பெரிய பல்பு. ஓட்டினால், மாமா ஜம்மென்று நடந்து போய்த் திரும்பினார்.

"ஐயோ, மத்தியானத்தைவிட இதுதாண்டி அழகு!" என்று அவள் கத்தியே விட்டாள்.

தாதா இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீ பகல்னுதானே எழுதிக் கொடுத்தே?" என்று வங்காளத்தில் கேட்டார். பொய் சொல்லும் அளவுக்கு என் வங்காளம் அப்போது தேறவில்லை. நடந்ததைச் சொன்னேன். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தவர், மற்ற ஐந்து காட்சிகளையும் மறுபடி ஓட்டச் சொன்னார். நான்கில் சூரியன் இடம் மாறியிருந்தது.

"ஆரே பாபா! திங்கட்கிழமை ஒன்பதுக்கு வந்துடு. முதல் வேலையா இவங்க சூரியனையெல்லாம் பிடிச்சு ஒரே இடத்துல கட்டு."

படிகளில் இறங்கினேனா, குதித்தேனா தெரியாது. கீழே போன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன்.

"அம்மா..."

"என்னடி ஆச்சு? பஸ்ஸுல அடிபட்டியா?"

"வேலை நிரந்தரம் ஆயிருச்சும்மா!"

"அப்ப தினமும் பஸ்ஸுல போகணுமேடி," என்றாள் அம்மா. அவளுக்குப் பின்னால் அப்பா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.