ஒனிஹங்கா குளத்தில் ஒரு போர்க்கப்பல்

என் கணவருக்குக் கோயம்புத்தூர். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஆல்பனியில் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவர். போன வருடம் ஒரு கண்காட்சியில் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர் ஆளே மாறிப்போனார். இரண்டாம் உலகப் போரின்போது ஆக்லாந்துக்கு வெளியே எதிரிகள் கடலில் கண்ணிவெடி போட்டார்களாம். அவற்றை வாரியெடுக்கப் போதுமான கடற்படைக் கப்பல்கள் இல்லாததால், மீன்பிடிப் படகுகளுக்குச் சாம்பல் நிறம் பூசி அனுப்பினார்களாம்.

“வலை இழுக்கிற இயந்திரம் அதுல ஏற்கெனவே இருக்குல்ல? வலைக்குப் பதிலா கம்பிவடம். அது வெடியக் கடலடியில கட்டியிருக்கிற சங்கிலிய அறுத்துட்டா வெடி மேல வந்துரும். அப்புறம் சுட்டுற வேண்டியதுதான்,” என்றார் சாப்பாட்டு மேசையில்.

“ஓம், விளங்குது. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ,” என்றேன். நான் யாழ்ப்பாணத்துக் கடலோரம், பருத்தித்துறைக்காரி. எனக்கே கடலைப் பற்றி வகுப்பெடுத்த முதல் ஆள் அவர்தான்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்கள் கராஜில் கார் நிற்கவில்லை. அங்கே ஒரு முழ நீளத்தில் அப்படியொரு மாதிரிப் படகு வளர்ந்தது. ஒரு ஞாயிறு மதியம் அதைத் துவாயில் சுற்றி, பச்சைக் குழந்தையைப்போல ஒனிஹங்கா குளத்துக்குத் தூக்கிப்போனார். ஓய்வுபெற்றவர்கள் ரிமோட்டில் பாய்மரப் படகு விடுகிற குளம் அது.

படகு அழகாகத்தான் போனது. பின்னால் இழுபட்ட கம்பி ஒரு சிவப்புப் பாய்மரப் படகில் மாட்டியது. அதை விடுவிக்கத் திருப்பியதில் பக்கத்துப் படகும் சேர்ந்து மாட்டியது. இவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

சிவப்புப் படகின் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, சிரிப்பு.

“என் அப்பா அந்த மாதிரிப் படகில்தான் இருந்தார். மீனவர். போர் முடியும்வரை கம்பி இழுத்தும் ஒரு வெடிகூட மாட்டவில்லை. உன் கணவர் பத்து நிமிடத்தில் இரண்டு பிடித்துவிட்டார்!” என்றார்.

நனைந்து வந்த என் கணவருக்கு அது பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கிழவர் தன் அப்பாவின் படத்தோடு எங்கள் கராஜுக்கு வந்தார். படகில் வரிசையாக நிற்கும் ஏழு பேரில் தொப்பி கோணலாக இருந்தவர்தான் அப்பா. என் கணவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். கம்பி எவ்வளவு நீளம், யார் சமைத்தது, பயந்தார்களா?

“தினமும் பயந்தார்களாம். என் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டதே இல்லை,” என்றார் கிழவர்.

நான் இரண்டாம் முறை தேநீர் போட்டேன். ஆறுது, குடியுங்கோ என்று இந்த முறை குறுக்கிடவில்லை.