பாதி விலை ராகி

கோயம்புத்தூரில் பங்காரம்மாவைப்போலச் சல்லிசாகச் சாமான் வாங்க ஆள் கிடையாது. சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போய், கடைக்காரன் மூட்டை கட்டுகிற அவசரத்தில் விலையை உடைப்பாள். மிச்சம் பிடிப்பதில் அவளுக்கு அப்படியொரு வெறி.

அந்த வருஷம் பேட்டையில் எலி விழுந்தது. எலி செத்து விழுந்தால் பின்னாலேயே பிளேக் வரும் என்று சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் போனார்கள். போகிற அவசரத்தில் ஒரு வியாபாரி ராகியைப் பாதி விலைக்குத் தள்ளினான். பங்காரம்மா ஒரு மூட்டை வாங்கிவந்தாள்.

மொடாப் பானையில் கொட்டும்போது ராகியோடு செத்த எலி ஒன்றும் விழுந்தது. வெளியே சொன்னால் மூட்டையையே கொளுத்திவிடுவார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிக் குப்பையில் வீசினாள். பக்கத்து வீட்டு மாராத்தாளுக்கும் அதே விலைக்குப் பாதியை அளந்து கொடுத்தாள்.

"நீங்க நல்லா இருக்கோணுங்கக்கா" என்றாள் மாராத்தாள்.

எட்டாம் நாள் மாராத்தாளுக்கு அக்குளில் நெறி கட்டியது. பத்தாம் நாள் பாடை கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் வாக்கு மட்டும் பலித்தது. பங்காரம்மா வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பங்காரம்மா எந்தத் தானியத்தையும் அப்படியே கொட்டுவதில்லை. மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுவாள்.

"என்னங்க பெரீம்மா தேடறீங்க?" என்று ஒருநாள் மாராத்தாளின் மகள் கேட்டாள்.

"கல்லு இருக்குதான்னு பாக்கறேன், கண்ணு."

"எங்கம்மா சொல்லுமுங்க, நீங்க குடுத்த ராகில ஒரு கல்லுகூட இல்லீன்னு."