ஏறக் கூடாத வள்ளம்

கடலியல் பட்டப்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தபோது, கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப்பும் உண்டு என்றார்கள். எனக்கு வாய்த்தது எங்கள் தூத்துக்குடிக் கடலே. வள்ளத்தில் போய், தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும் கருவியை ஆழத்தில் இறக்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சி நிலையம் வாடகைக்குப் பிடித்தது என் சித்தப்பாவின் வள்ளத்தை.

முதல் நாள் காலையில் கருவியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். சித்தப்பா குறுக்கே நின்றார்.

"ஏளா, பொம்பளப்பிள்ள ஏறுனா வள்ளத்துல மீன் படாது. நீ கரையில நில்லு."

"இன்னைக்கு மீன் பிடிக்கவா போறீய, சித்தப்பா?"

அவர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நிலையத்திலிருந்து கூட வந்த விஞ்ஞானியாவது எனக்காகப் பேசுவார் என்று திரும்பினேன்.

"ஊர் வழக்கத்துல நாம தலையிட முடியாதும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். கருவியை, கடற்கரை இல்லாத ஏரல் ஊரிலிருந்து வந்த சக மாணவனிடம் கொடுக்கச் சொன்னார். அவனும் என்னைப் போலவே வள்ளத்தில் கால் வைத்தறியாதவன்தான். ஆனால் ஆண்பிள்ளை, ஏறிவிட்டான். எனக்கு ஒரு லேப்டாப், உட்கார நிழல். சம்பளத்தில் மட்டும் குறை வைக்க மாட்டார்களாம்! கரையில் உட்காரவா நான் கடலியல் படிக்கிறேன்?

எஞ்சினை முடுக்கியதும் வள்ளம் திரும்பியது. சித்தப்பாவுக்கு மகள் கிடையாது. வள்ளம் வாங்கிய அன்று, ராசியான பிள்ளை என்று சொல்லி அவர் எழுதவைத்த என் பெயர், அதன் விலாவில் சிவப்புப் பெயிண்டில் கடலுக்குப் போனது.