கிரிப்புக்கு அடியில் ஒரு ‘வ’

காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துப் பல்லில் கவ்விக்கொள்வாள். காது ஒழிந்தாக வேண்டும். அதன்பிறகுதான் கோல்ஃப் மட்டையை எடுப்பாள். இடதுகைச் சுட்டுவிரல்மேல் அதைக் குறுக்காக வைத்து, தராசு முள்போல ஆடி ஓய்கிறவரை மூச்சுவிடாமல் நிற்பாள். ஓய்ந்ததும் வலதுகை நகத்தால் தண்டில் மூன்று தட்டு. தலைக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கைப்பிடிக்குக் கீழே ஒன்று. மூன்றும் ஒரே குரலில் பதில் சொன்னால் மட்டை பைக்குள் போகும். சொல்லாவிட்டால் சுவரோரம் சாய்ந்து நிற்கும். மற்ற ஒன்பது நகங்களையும் ஒட்ட வெட்டிவிட்டு, அந்த ஒரு நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருக்கிறாள் வடிவு.

மைசூரு ரிங் ரோட்டுக்கு அந்தப்புறம், சாமுண்டி மலையின் முதுகு தெரிகிற ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். அங்கே உறுப்பினர்களின் பைகளை வைக்கும் அறை, எல்லோர் வாயிலும் ‘பேக் ரூம்’, அவள் பொறுப்பு. தமிழ்நாட்டு எல்லையோரத்து மார்டள்ளி ஊர்க்காரி. வயது நாற்பத்துநாலு. புல் வெட்டும் வேலைக்கு வந்தவளை ஒரு மழைக்காலத்தில், ஆள் வரவில்லை என்று, பைகளைத் துடைக்க உள்ளே அனுப்பினார்கள்; அதோடு சரி, வெளியே வரவேயில்லை. இருநூற்றுச் சொச்சம் பைகள். பெயர்ச்சீட்டைப் பார்த்து இது இன்னாருடையது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. கைப்பிடி ரப்பரை மோந்து பார்ப்பாள்.

“இது டாக்டரம்மாதுங்க, சானிடைசர் வாசம். இது ரைஸ்மில்லுக்காரருது. பஜ்ஜி தின்னுபோட்டு அந்தக் கையிலயே புடிச்சிருக்காரு பாருங்க.”

விஜயநகரிலிருந்து வாரம் மூன்று நாள் விளையாட வருகிற பாலனுக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமுடியை மூன்றாகப் பிளந்து அளக்கிற கருவிகளைக் கையாண்டவர். ஒருநாள் அவள் ஒரு இரும்பு மட்டையைத் தட்டிவிட்டு, “தலை ஆடுதுங்க, பசை விட்டுப்போச்சு” என்றாள். பாலன் வாங்கி இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. “நல்லாத்தானே இருக்கு?” என்றார். இரண்டாம் நாள் அந்த மட்டையின் தலை கழன்று பந்தைவிட முன்னால் பறந்து போனது. அன்றிலிருந்து அவர் காலையில் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுவார். செய்தித்தாள் படிப்பதுபோல் பாவனை. கண் அந்த நகத்தின் மேல்.

அவள் ஒருநாளும் பந்தை அடித்ததில்லை. ஆனால் பையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். முதல் அடிக்கான நீளமான டிரைவர், மாப்பிள்ளை. அதற்குத்தான் தலைப்பாகை மாதிரி உறை, முதல் மரியாதை, அதிக விலை, குறைந்த வேலை. எல்லா வேலைக்கும் இழுபடுகிற ஏழாம் எண் இரும்பு, மருமகள். மணலிலிருந்து பந்தைத் தோண்டுவது மம்முட்டி. கடைசியில் பந்தைக் குழிக்குள் தள்ளும் புட்டர், மாமியார். “எத்தனை நல்லா ஆடிப்போட்டு வந்தாலும் கடைசி வார்த்தை அதோடதுங்க சார்.”

மட்டை வெந்நீரில் ஊறக்கூடாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு, பழைய பல்துலக்கி, வரிவரியாய். தலைமட்டும் நனையலாம், கழுத்து நனையக்கூடாது. துடைத்தபின் இரும்புக்குத் தையல் மிஷின் எண்ணெய், விரல்நுனி அளவு. காரின் டிக்கியில் பையை வைத்துவிட்டு ஊர் சுற்றுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு மரியாதை மறந்துபோகும். “உங்க வூட்டுக் கொழந்தைய வெயில்ல காருக்குள்ள வெச்சுப் பூட்டுவீங்களா? உள்ள பசையெல்லாம் வெந்து கெடக்குது!”

புதிதாகச் சேருகிறவர்கள் மட்டை வாங்குமுன் அவளிடம் வந்து நிற்பார்கள். அவள் உயரம் கேட்பதில்லை. தொங்கவிட்ட கையின் மணிக்கட்டிலிருந்து தரைக்கு எத்தனை சாண் என்று கண்ணாலேயே அளப்பாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி நடக்கச் சொல்வாள். தளும்பினால் தண்டு கொஞ்சம் வளைந்துகொடுப்பதாக இருக்க வேண்டும். தளும்பாவிட்டால் விறைப்பானது. கல்லூரி ஆசிரியை மனிஷா, கணவரின் பழைய மட்டைகளை நீளம் குறைத்து வெட்டிக்கொண்டு வந்தபோது வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“டீச்சர், உங்க வூட்டுக்காரர் பேன்ட்டக் கால்ல வெட்டிப்போட்டா உங்களுக்கு ஆயிருமுங்களா? இடுப்பு?”

மனிஷா அன்றே அவற்றைத் திருப்பி எடுத்துப்போனார்.

கைப்பிடி மாற்றுகிற வேலையில்தான் அவளுடைய இன்னொரு வழக்கம் இருந்தது. தண்டை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் ரப்பர் துண்டு வைத்துக் கவ்வவிட்டு, பழைய ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து, தண்டில் புதிய டேப்பைச் சுற்றி, புது ரப்பரை ஏற்றுமுன் அந்த டேப்பின்மேல் பென்சிலால் ‘வ’ என்று எழுதி அன்றைய தேதியையும் போடுவாள். அடுத்த விநாடி அது ரப்பருக்குள் மறைந்துவிடும்.

“யார் பாக்கப் போறாங்கன்னு எழுதறே?” என்று பாலன் ஒருமுறை கேட்டார்.

“அடுத்த தடவை கழட்டறப்ப எப்ப போட்டதுன்னு எனக்குத் தெரியணுமில்லீங்க.”

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, மைதானத்துக்கு விடுமுறையான அன்று, பாலன் தன் பையை அவளிடம் ஒப்படைத்து எல்லாவற்றுக்கும் கைப்பிடி மாற்றச் சொன்னார். மாற்றி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் ஆட்டமும் கொஞ்சம் மாறியது. ஆவணியில், மூத்தோர் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். இருபது வருஷத்தில் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை காலை பை தயாராக மேசைமேல் இருந்தது. ஆனால் நாலு மாதம் முன்பு வாங்கிய புது டிரைவர் அதில் இல்லை. சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன் இடத்தில், அது வந்ததிலிருந்து அறையின் மூலையில் கிடந்த அவருடைய பழைய டிரைவர்.

“என்ன இது?”

“புதுசு இன்னிக்கு வேண்டாங்க சார். குரல் சரியில்லைங்க.”

“குரலா? நான் என்ன கச்சேரிக்கா போறேன்?”

வாசலில் நின்ற கேடிகள், ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிறவர்கள், சிரித்தார்கள். பாலனுக்குப் பை தூக்குகிற சீனு மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவு பென்சிலைக் கவ்விக்கொண்டு அவர் முன்னாலேயே மூன்று தட்டு தட்டினாள். பாலனுக்கு மூன்றும் ஒன்றாகத்தான் கேட்டன. அவள் கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தண்டைத் தடவிக்கொண்டே மேலே வந்தாள். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே பஞ்சின் ஒற்றை இழை மாட்டிக்கொண்டு நின்றது.

“பெயின்ட் கீறல்” என்றார் பாலன்.

“பெயின்ட்டு பஞ்சைப் புடிக்காதுங்க. உள்ள வெடிச்சிருக்கு. இருக்கற வேகத்தையெல்லாம் போட்டு வீசுனீங்கன்னா முறிஞ்சு ஈட்டியாட்டம் திரும்புமுங்க. உங்க கையில ஏறுனாலும் ஏறும், பக்கத்துல நிக்கற சீனண்ணன் மேல ஏறுனாலும் ஏறும்.”

“சும்மா நிக்கிற ஸ்டிக் எப்படி வெடிக்கும்?”

கேட்டிருக்கக்கூடாத கேள்வி. கேட்ட அதே மூச்சில் அவருக்கு வியாழக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. ஏழாம் குழிக்கு அடிக்கிற இடம். மூன்று பந்து அடுத்தடுத்து உண்ணிச்செடிப் புதருக்குள் போயிருந்தது. மூன்றாவதற்குப் பிறகு டிரைவரால், பை வைத்த தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடிமேல் ஓங்கி ஒரு அடி. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை, சீனுவைத் தவிர. சீனு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையை அவரிடமே விட்டுவிட்டு அன்று பாலன் நேரே காரேறிப் போய்விட்டார்.

கிளப் கேப்டன் பிரசாந்த் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். “ஏனாய்து வடிவம்மா? டைம் ஆய்து!” என்ன ஆச்சு என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. “பேக் ரூம்ல இருக்கிற ஸ்டிக் எப்படி உடையும்? பாலன் சார், கோர்ஸ்ல ஏதாவது ஆச்சா?”

வாசலில் பத்துப் பேர். எதிர் ஆட்டக்காரர். கோப்பையைப் படம்பிடிக்க வந்தவர். பாலன் கையுறையை மாட்டத் தொடங்கினார்.

வடிவு அவரை ஒருமுறை பார்த்தாள். நகத்தால் தட்டுமுன் பார்க்கிற அதே பார்வை.

“நான்தானுங்க” என்றாள் கேப்டனிடம். “ஆடியில கிரிப் மாத்தறப்ப வைஸ்ல இறுக்கிப்போட்டேன். நடுவுல ரப்பர் வெக்க மறந்துட்டேன். இந்தத் தண்டு இரும்பில்லீங்களே, தாங்கல.”

பாலனுக்கு உடம்பு முழுக்கக் குளிர்ந்ததுபோல் இருந்தது. அந்தக் குளிர்ச்சி மறுநொடியே கோபமாக மாறிக்கொண்டது. அவருக்கு அது வசதியாகவும் இருந்தது.

“இருபது வருஷம் கழிச்சு ஃபைனல் ஆடறேன்! நீ உடைச்சு வெச்சிட்டு அன்னிக்கே சொல்றதுக்கென்ன? கச்சேரி, குரல்னு கதை விடறே!”

“தப்புதானுங்க.”

“திங்கட்கிழமை கமிட்டி இருக்கு” என்றார் பிரசாந்த். “தப்பு உன்னதுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. பாலன் சார், நீங்களும் ஒரு கம்ப்ளைன்ட் குடுத்திடுங்க.” போன வருஷம் புல்வெட்டும் மிஷினைக் கெடுத்த ஆளுக்கும் இதே கமிட்டிதான், அடுத்த வாரம் அவன் வேலையில் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“சரிங்க” என்றாள் வடிவு. பழைய டிரைவருக்கு உறையை மாட்டி, தலையை ஒருமுறை தடவிப் பையில் இறக்கினாள். “மாப்பிள்ளை பழசுதானுங்க சார். ஆனா சொன்ன பேச்சு கேக்கும்.”

கேட்டது. ஒன்பது குழியிலும் ஒருதடவைகூடப் பந்து புதருக்குள் போகவில்லை. கைப்பிடி வழுக்காமல் உள்ளங்கையில் ஒட்டி நின்றதைக்கூடப் பாலன் கோபத்தில் கவனிக்கவில்லை. கடைசிக் குழியில் நாலடித் தூரத்துப் பந்தை இரண்டுமுறை தவறவிட்டுத் தோற்றார். மாமியாரிடம்தான் தோற்றார். திரும்பி வந்தபோது பேக் ரூம் பூட்டியிருந்தது; வெளியே கதவோரம் சாய்த்து வைத்திருந்த புது டிரைவரையும் பையோடு காரில் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை விஜயநகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புகார் எழுதினார். தொழிற்சாலையில் எழுதிப் பழகிய கை. சாட்சி இல்லாத புகார் அவருக்குப் புகாரே இல்லை. சாட்சி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். கைப்பிடியை உரித்தால் உள்ளே ‘வ’ இருக்கும், ஆடி மாதத் தேதியோடு. அவள் கையெழுத்தே போதும். படம் எடுத்துக் கடிதத்தோடு வைத்துவிடலாம்.

புது டிரைவரின் ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தார். உள்ளே கம்பெனியில் சுற்றின வெள்ளை டேப், சுருக்கமில்லாமல். அதன்மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறந்திருப்பாள் என்று நினைத்தார். சந்தேகம் போகவில்லை. ஏழாம் எண் இரும்பை எடுத்துக் கீறினார். ‘வ 21-7’. அடுத்ததையும் கீறினார். ‘வ 21-7’. மம்முட்டி, மாமியார், ஒன்று பாக்கியில்லாமல். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி சொர்ணலதா கையிலிருந்த கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டாள். தரையெல்லாம் கறுப்புத் தோல்.

“புதுசா போட்டதையெல்லாம் எதுக்குங்க அறுக்கறீங்க?”

பன்னிரண்டிலும் அவள் இருந்தாள். டிரைவரில் மட்டும் இல்லை. அப்போதும் புதிதாகவே இருந்த அதன் கைப்பிடியை மாற்றுவது வீண் என்று விட்டிருக்கிறாள். அந்தத் தண்டு அவளுடைய வைஸுக்குள் போகவே இல்லை.

பாலன் எழுதி வைத்திருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். இன்னொரு தாளை எடுத்தார். வியாழக்கிழமை ஏழாம் குழியருகே தள்ளுவண்டியின் கம்பியில் டிரைவரை அடித்தது நான், வடிவு அதைத் தொடவில்லை, சனிக்கிழமை அவள் தடுத்திராவிட்டால் யாருக்காவது அடிபட்டிருக்கும் என்று எழுதிக் கீழே முழுப்பெயரையும் போட்டார். சொர்ணலதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். அவரைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து தோல்களைக் கூட்டத் தொடங்கினாள்.

“இந்த ஒண்ண விட்டுட்டீங்களே” என்றாள், நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்திருந்த பழைய டிரைவரைக் காட்டி.

பாலன் அதை எடுத்தார். வருஷக்கணக்கில் தேய்ந்து, நாலு மாதம் மூலையில் கிடந்து ரப்பர் கல்லாகியிருக்க வேண்டியது. கையில் ஒட்டியது. சனிக்கிழமையும் ஒட்டியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மெதுவாகக் கீறினார், பசை முழுக்க இறுகியிருக்கவில்லை.

உள்ளே ‘வ’ இருந்தது. பக்கத்தில் பென்சிலால் வியாழக்கிழமைத் தேதி.