அப்பா ஜமீன்தார் ஆன விதம்

காலமான எங்கள் அப்பா, கீரமங்கலம் பக்கம் கோயில் திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் வேஷம் கட்டியவர். வாடகைக் கிரீடத்தோடு அவர் எடுத்துக்கொண்ட போட்டோவை, பல்கலைக்கழக நூலகத்துக்காரர்கள் வட்டார வரலாற்றுக்கென்று ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். கீழே அவர் பெயரைச் சரியாகப் போட்டு, கூடவே ‘ஜமீன்தார்’ என்றும் எழுதியிருந்தார்கள். எட்டாவதோடு நின்றவன் நான். அதைப் படித்ததும் அம்மா நினைப்புதான் வந்தது. அம்மா வாங்குவது முதியோர் பென்ஷன். ஜமீன்தார் மனைவிக்கு அது எதற்கு என்று தாலுகா ஆபீசில் நிறுத்திவிட்டால்?

நூலகத்துக்குப் போன் செய்தேன்.

“அவரு நாடக நடிகருங்க. அந்தக் கிரீடம் அட்டைங்க.”

“ஆதாரம் இருக்கா?” என்றார் அங்கிருந்த முனைவர்.

“நான் அவரு மகனுங்க.”

“வாய்மொழி போதாதுங்க. நாங்க இணையத்துலயும் சரிபார்த்துட்டோம். ஜமீன்தார்னுதான் வருது.”

“அதைப் போட்டதே நீங்கதானேங்க?”

படித்தவரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று எனக்குத்தான் வியர்த்தது.

“சரி, திருத்திடுறோம்” என்றார்.

மறுவாரம் பார்த்தேன். ‘ஜமீன்தாராகக் கருதப்படுபவர்’ என்று திருத்தியிருந்தார்கள். தாலுகா ஆபீசில் யாராவது கேட்டால், கருதப்படுபவரின் மனைவி என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.