முதலாளியம்மா பேருக்கு வந்த நோட்டீஸ்

விருத்தாசலம் கோர்ட்டில் நான் அமீனாவாக இருந்தேன். நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னவர் ஒருவரும் கிடையாது. செல்போன் பரவிய பிறகு இன்னும் மோசம். நான் பஸ் ஏறும்போதே சேதி போய்விடும், ஆள் கொல்லைப்பக்கமாக ஓடிவிடுவார்.

ஒருநாள் கடலூர் கோர்ட்டிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. பீங்கான் பொம்மை கம்பெனி நடத்தும் ஓர் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, கம்பெனியையும் அவரையும் தன் பொறுப்பில் விட வேண்டும் என்று அண்ணன் மகன் மனு போட்டிருந்தான். நோட்டீஸை அந்த அம்மா கையிலேயே கொடுக்க வேண்டும் என்பது ஜட்ஜ் உத்தரவு. விசாரணைக்கு அவர் வராவிட்டால் சூளை, வீடு, சாப்பாடு எல்லாம் இனி அவன் வைத்ததுதான் சட்டம்.

கம்பெனி வாசலில் அவனே டீ வாங்கிக் கொடுத்தான்.

"அத்தைக்கு ஒண்ணும் புரியாதுங்க சார். என்கிட்ட குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

முடியாது என்றேன். டீயை மட்டும் குடித்தேன்.

அவன் உள்ளே போய்விட்டுச் சற்று நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டான். ஆபீஸ் நாற்காலியில் தலைவிரி கோலமாக ஒரு பெண். முகமெல்லாம் களிமண், மடியில் ஒரு பொம்மை. பேரைக் கேட்டால் சிரிப்பு, ஊரைக் கேட்டால் அழுகை. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. அடையாளம் சொல்ல ஓர் ஆளைக் கூப்பிடச் சொன்னேன்.

அதற்குள் பின்பக்கம் மண் லோடு பார்த்துவிட்டு வேறோர் அம்மா உள்ளே வந்தார். பைத்தியம் விருட்டென்று எழுந்தது. கூந்தலை முடிந்துகொண்டது, முந்தானையால் நாற்காலியைத் துடைத்தது.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றது.

நாற்காலியில் இருந்தவள் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவளாம். முதலாளியம்மா வந்தால் உட்கார்ந்திருக்க அவள் உடம்பு பழகவில்லை. அண்ணன் மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அரசாங்க வேலையில் சிரிக்கக் கூடாது, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

நோட்டீஸை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"பைத்தியம்னு என்னைத்தான போட்டுருக்குது? என்கிட்ட குடுங்க" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பெயின்ட்காரியிடம், "அந்தப் பொம்மை இன்னும் காயலடி. சேலை போச்சு பாரு" என்றார்.

வாய்தா அன்று தனியாகக் கடலூர் பஸ் ஏறிப் போனார். டாக்டர் பார்த்தார், ஜட்ஜ் விசாரித்தார், மனு தள்ளுபடியானது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜட்ஜ் கேட்டாராம். அங்கே இருந்த கிளார்க் எனக்குச் சொன்னது இது.

"உங்க நோட்டீஸ் வந்துதான் சங்கதியே தெரிஞ்சுதுங்க ஐயா. இல்லாட்டி இன்னும் இவனுக்கு வடிச்சுக் கொட்டிக்கினுதான் இருந்துருப்பேன்."

புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளே, நோட்டீஸை யார் கையில் கொடுத்தால் என்ன என்று எவனாவது டீ வாங்கிக் கொடுத்தால், டீயை மட்டும் குடியுங்கள்.